7.5 விழுக்காட்டு இடத்தை நழுவவிடாமல் வாங்குவது எப்படி?

அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போற பிள்ளைகளோட எங்க பொண்ணு எப்படிப் போட்டி போடும்?"

போட வேண்டியதில்லை. மாநில ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ், பிடிஎஸ் இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று 2020-ல் சட்டமே வந்துவிட்டது. நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்துவிட்டால், அப்புறம் உங்கள் பெண்ணுக்குப் போட்டி நம் பள்ளி போன்ற பள்ளிகளில் படித்தவர்கள் மட்டும்தான்.

முதலில் தகுதியைப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடக்கம். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. அங்கே படிப்பதும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான், இந்த விதியில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் சட்டம் அப்படி. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் தகுதி உண்டு. காசு கட்டி ஏழாவது வரை படித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கிடையாது. கொரோனா சமயத்தில் அப்படி மாறி வந்தவர்கள் ஏராளம். ஐந்தாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே யோசித்து முடிவெடுங்கள்.

அடுத்து காகிதங்கள். நடுநிலைப் பள்ளி ஓர் ஊரில், மேல்நிலை வேறு ஊரில் என்றால், படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அலையாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்குள் விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் பெயரில் ஓர் எழுத்தே விடுபட்டிருக்கும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்றையும் இ-சேவை மையத்தில் அப்போதே வாங்கி வைத்துவிடலாம்.

குரூப் எடுக்கும்போது, முடிந்தால் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுக்கச் சொல்வேன். பொறியியலுக்கு இங்கே நுழைவுத்தேர்வே கிடையாது, 2006 சட்டத்தோடு அது போயிற்று. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிடுவார்கள். 2021 முதல் அங்கேயும் 7.5 உண்டு. ஆகவே நீட்டை நம்பிப் பொதுத்தேர்வைக் கோட்டை விடக்கூடாது.

படிப்புக்கு வருவோம். பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் பாடம் ஓடும். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது, இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வு இல்லையே என்று அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி அதிலிருந்துதான்.

720 மதிப்பெண்ணில் உயிரியல் மட்டும் 360. என் பிள்ளைகளிடம் இதில்தான் ஊன்றச் சொல்கிறேன். மனித உடலியங்கியல், மரபியல், சூழலியல் மூன்றையும் நம் புத்தகத்தில் படித்த கையோடு மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகத்தில் வரிவரியாகப் படிக்க வேண்டும். படத்தில் இருக்கும் பெயர்களிலிருந்துகூடக் கேட்பார்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். நான்கு விடையில் இரண்டைத் தள்ள முடிந்தால் எழுதலாம், ஒன்றையும் தள்ள முடியாத இயற்பியல் கணக்கை விட்டுவிட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலம்தான் செல்லும். 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதனால் கேள்வி குழப்பினால் ஆங்கிலத்தையும் ஒருமுறை பாருங்கள். உந்தம் என்று படிக்கும்போதே பக்கத்தில் மொமெண்டம் என்றும் எழுதிப் பழகினால் பரீட்சை ஹாலில் தடுமாற்றம் இருக்காது.

நீட் எழுதிவிட்டால் சீட் தானாக வந்துவிடாது. மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதில் அரசுப் பள்ளி ஒதுக்கீடு கேட்கும் கட்டத்தை மறக்காமல் நிரப்ப வேண்டும்.

கலந்தாய்வில் தனியார் கல்லூரி வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். "பிரைவேட்னா வேண்டாம் சார், வீட்டை வித்தாலும் கட்ட முடியாது" என்று ஒரு கொத்தனார் என்னிடம் எழுந்தேவிட்டார். உட்காரவைத்து, 7.5-ல் கிடைத்த இடத்துக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும் என்று அரசாணையைக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கல்லூரியில் சேர்ந்ததும் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.