வெள்ளியங்கிரி ஏறப்போகிறீர்களா? இறக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போய்க் கும்பிடும் சிவத்தலம் வெள்ளியங்கிரி. ஏழாவது மலையில் சுயம்புலிங்கத்தைக் கும்பிட்டு வெளியே வரும்போது பயணம் பாதிதான் முடிந்திருக்கும். முட்டி பிடித்துக்கொள்வது, கணுக்கால் பிசகுவது, கால் நகம் கறுத்துப்போவது எல்லாம் மீதிப் பாதியில்தான் நடக்கும். அதனால் புறப்படும் நேரம், பையின் எடை, பயிற்சி மூன்றையும் இறக்கத்தை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

வனத்துறை மலையேற அனுமதிப்பது வழக்கமாக பிப்ரவரி முதல் மே வரை. மகா சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் நெருக்கும். ஏழாவது மலையின் குறுகலான பாதையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை திடீரென்று பிடிக்கும். மேல் மலைகள் புல்வெளி. இடி மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. மாலையில் மேகம் திரண்டிருந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள்.

பெண்கள் மலையேற வயதுக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டி அடிவாரக் கோயிலில் எல்லோரும் தரிசிக்கலாம்.

கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டிக்கு பஸ் இருக்கிறது. சொந்த வண்டி என்றால் பேரூர், ஆலாந்துறை தாண்டி இருட்டுப்பள்ளத்தில் வலப்பக்கம் திரும்பி செம்மேடு வழியாகப் போக வேண்டும். ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஆபத்து. ஓட்டுகிறவர் ஏறாமல் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் இறங்கியதும் நாலு மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்பட்டும்.

இப்போது நேரக் கணக்கு. இறங்க நான்கு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். காலை பத்து மணிக்குமேல் புல்வெளி மலைகளில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வேண்டுதலுக்காக வெறுங்காலில் வருகிறவர்களுக்குப் பாறைச் சூடு தாங்காது. ஆகவே ஆறரை மணிக்குள் உச்சியை விட்டுக் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் கீழ் மலைகளின் மர நிழலுக்குள் வந்துவிடலாம். ஏற ஆறு ஏழு மணி நேரம் என்று வைத்தால், இரவு பத்து மணிக்கு அடிவாரத்தில் முதல் படி மிதிக்க வேண்டும். கூட்ட நாளில் எட்டு மணிக்கே. அனுமதி நேரம் அவ்வப்போது மாறலாம், அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் போனால் நல்லது என்று மாலையிலேயே ஏறுகிறவர்கள் நள்ளிரவு தாண்டியதும் உச்சிக்குப் போய், வியர்த்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்து நடுங்குவார்கள். அதுவும் வேண்டாம்.

பயிற்சியை நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். தினமும் நடப்பது மட்டும் போதாது, மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. அந்தப் பழக்கம் இல்லாத காலுக்குத்தான் மூன்றாவது மலை வரும்போது தொடை வெடவெடக்கும். இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வரக்கூடாது. மூச்சுத் திணறலாலும் நெஞ்சுவலியாலும் பக்தர்கள் இந்த மலையில் இறந்திருக்கிறார்கள். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை என்றால், நெஞ்சு அழுத்தினால், நண்பர்கள் என்ன சொன்னாலும் மேலே போகாதீர்கள். துணைக்கு ஆளோடு திரும்பிவிடுங்கள்.

பையில் இவை போதும்: இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், மாற்று பனியன், துண்டு, குல்லா, மெல்லிய ஸ்வெட்டர், நெற்றியில் கட்டும் டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. மொத்தம் நான்கு கிலோவைத் தாண்ட வேண்டாம். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை போய்விடும், சார்ஜும் போய்விடும். பிளாஸ்டிக் பொருட்களை அடிவாரத்தில் சோதித்து எடுத்துவிடுவார்கள். தின்பண்டங்களைத் துணிப்பையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ வையுங்கள். சில்லறை நோட்டும் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு நான்கு இட்லி போதும்.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை அலட்சியமாக வாங்காதீர்கள். நேராக நிறுத்தினால் உங்கள் நெஞ்சுயரம் வர வேண்டும். கணுக்கள் நெருக்கமாக இருக்கட்டும், நீளவாக்கில் விரிசல் இருந்தால் வேறு எடுங்கள். தரையில் ஊன்றி முழு எடையையும் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று வளைந்தால் அது இறக்கத்துக்கு ஆகாது. ஏறும்போது தடி ஒரு துணை, அவ்வளவுதான். இறங்கும்போது முதலில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, அது நிலைத்ததும் காலை வையுங்கள். பெரிய படிகளில் நேராகக் குதிக்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்கினால் முட்டிக்கு வேலை குறையும். ஷூ போடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் தள்ளி ஷூவில் இடித்துக்கொண்டே வரும். நகம் கறுப்பது அதனால்தான்.

முதல் மலைப் படிகள் செங்குத்து. உற்சாகத்தில் வேகமாக ஏறிவிட்டு வெள்ளை விநாயகர் கோயிலிலேயே படுத்துவிடுகிறவர்கள் நிறைய. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். போகப்போக பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று தண்ணீர் கிடைக்கும். கோடை முற்றினால் ஊற்று மெலிந்துவிடும், அதனால் பாட்டிலைக் காலியாக விடாதீர்கள். இது யானை நடமாடும் காடு. இருட்டில் சிறுநீர் கழிக்கக்கூட தனியாகப் பாதையை விட்டு உள்ளே போக வேண்டாம்.

ஆறாவது மலையில் பாதை இறங்கி ஆண்டி சுனைக்குப் போகும். போகும்போது சுகமாக இருக்கும் அந்த இறக்கம் திரும்பும்போது ஏற்றமாகும், அதற்கும் தெம்பு மிச்சம் வையுங்கள். சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது பலருக்கு நேர்த்திக்கடன். தண்ணீர் ஐஸ் போலச் சில்லென்று இருக்கும். உடம்பு ஏற்கெனவே நடுங்கினால் கைகால் முகம் கழுவிக்கொண்டாலே போதும். குளித்தவர்கள் ஈரத்தோடு ஏறாமல் தலையை நன்றாகத் துவட்டி, மாற்று பனியனை அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே காற்றில் சட்டையைக் கழற்றவே கை வராது.

கீழே வந்ததும் உடனே உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிஷம் மெதுவாக நடங்கள், பிறகு கெண்டைக்காலை நீட்டி மடக்குங்கள். அடுத்த இரண்டு நாள் படி இறங்குவது கஷ்டம்தான். வேலைக்குப் போகிறவர்கள் அதற்கும் சேர்த்து லீவு போடுங்கள்.