மொரிஷியஸ் வந்துவிட்டீர்களா? முதலில் பிரதமரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் வந்து இறங்கிய விமான நிலையத்துக்கு முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தின் பெயர். பஸ்ஸில் கண்டக்டர் தரும் சில்லறையிலும் அவர் முகம்தான். அந்தப் பதவிக்கு இங்கே எவ்வளவு மரியாதை என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனிடமிருந்து 1968 மார்ச் 12 அன்று விடுதலை. 1992இல் அதே நாளில் குடியரசு. முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு ஒரு தமிழர். பெருமைதான், ஆனால் ஆட்சி அதிகாரம் அந்த நாற்காலியில் இல்லை. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. இலங்கையிலிருந்து வருபவர்கள்தான் ஜனாதிபதியே எல்லாம் என்ற நினைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வதிவிட அனுமதியைக் கவனிக்கும் பாஸ்போர்ட், குடிவரவு அலுவலகமும் பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. கடிதத்தின் தலைப்பில் அந்தப் பெயரைப் பார்த்து மிரண்டு, மேலிடத்தில் ஆள் தெரியும் என்பவரின் பின்னால் அலையாதீர்கள். ஆவணங்களைச் சரியாக வையுங்கள். தரகருக்குக் கொடுக்கும் பணம் தண்டம்.

வேலையிடத்தில் அரசியல் பேச்சு எழுந்தால், முதல் சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பிரதமர் பதவி பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. சிவசாகரின் மகன் நவீன் ராம்கூலம். அனிருத் ஜக்நாத்தின் மகன் பிரவிந்த். 2017இல் தந்தை விலகியதும் தேர்தல் இல்லாமலே மகன் பிரதமரானார். இடையில் 2003 முதல் 2005 வரை இருந்த பால் பெரஞ்சே மட்டுமே வெளியாள், பிரெஞ்சு வம்சாவளியினர். அதுவும் ஐந்தாண்டைப் பங்கு போட்டுக்கொண்ட கூட்டணி உடன்பாட்டால் கிடைத்தது. தமிழர் எவரும் பிரதமரானதில்லை. இந்தச் சமூகக் கணக்கில் எல்லோருக்கும் ஒரு காயம் உண்டு. புதியவர் அதைக் கிளற வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களான இந்தியர், இலங்கையர், மலேசியர், 18 வயது நிரம்பி இரண்டு ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால், குடியுரிமை இல்லாமலே வாக்காளராகப் பதியலாம். பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றப் பெரும்பான்மையே அவரைத் தீர்மானிக்கிறது. அந்தப் பெரும்பான்மை சில சமயம் சுனாமி போல வரும். 1982, 1995, 2024 தேர்தல்களில் பெருந்தீவின் 60 இடங்களையும் ஒரே அணி வாரிக்கொண்டது. வாக்குச் சீட்டில் தொகுதிக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்தவர் ஒருவர்தான் என்று ஒரே ஒரு குறி போட்டால் சீட்டு செல்லாது.