டர்பனில் மளிகை: பணம் ஒழுகும் இடங்கள்

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு வந்த முதல் ஜனவரியில், ஒரு கடை வாசலில் ஒட்டியிருந்த காம்போ விளம்பரத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். அரிசி 10 கிலோ, மீலி மீல் எனும் மக்காச்சோள மாவு 10 கிலோ, கோதுமை மாவு 10 கிலோ, அதோடு சர்க்கரை, எண்ணெய், எல்லாம் சேர்த்து ஒரே விலை. தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று நின்ற இடத்திலேயே கூட்டிப் பார்த்தேன்; காம்போ மலிவுதான். வீட்டில் இறக்கியதும் அத்தை அந்த மக்காச்சோள மாவு மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆடிக் கூழுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே மா, அதுவரைக்கும் இதை யார் சாப்பிடுறது?” என்றார். யாரும் சாப்பிடவில்லை. டர்பன் ஈரக்காற்றுக்கு மார்ச்சிலேயே வண்டு விழுந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கு இன்றும் நான்தான் சாமான் வாங்குகிறேன். வேலைக்காக ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கடை மலிவு?” என்பது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் மலிவான கடை என்று ஒன்று இந்த ஊரில் இல்லை. நான் பார்ப்பது வேறு கணக்கு: கொடுத்த காசில் எவ்வளவு தட்டுக்கு வந்து வயிற்றுக்குள் போனது? வாங்கியும் சாப்பிடாத ஒவ்வொரு கிலோவும் சாப்பிட்ட கிலோவின் விலையை ஏற்றிவிடுகிறது.

காம்போவைக் குறை சொல்லவில்லை. தினமும் பாப் எனும் மக்காச்சோளக் களி கிளறும் ஜூலு குடும்பத்துக்கு அது உண்மையான சலுகை. சோறு சாப்பிடும் நம் வீட்டுக்கு அதில் பாதிதான் பயன். இப்போது நானும் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் சேர்ந்து ஒரு காம்போ எடுக்கிறோம்: மீலி மீல் முழுக்க அவளுக்கு, அரிசி எனக்கு, மற்றதைப் பங்கு போட்டுக் கணக்குத் தீர்க்கிறோம். இந்த நாட்டில் ஸ்டாக்வெல் என்ற பழக்கம் உண்டு. நம்மூர் சீட்டு மாதிரி. மாதாமாதம் காசு போட்டு, வருடக் கடைசியில் மொத்தக் கடையில் மூட்டை மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான குழு இருந்தால் தயங்காமல் சேருங்கள்.

அடுத்தது கோழி. பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கும் உறைந்த கோழித் துண்டுப் பை எல்லாக் கடையிலும் பார்க்க ஒரே அளவுதான். எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: ஒன்று 2 கிலோ, இன்னொன்று 1.8, மற்றொன்று 1.5. பையின் விலையை ஒப்பிடுவது வீண். போன் கால்குலேட்டரில் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அதோடு முடியவில்லை. கறி வறண்டுபோகாமல் இருக்க அதில் உப்புநீர் ஏற்றுகிறார்கள். 2016-இல் அரசு இதற்கு வரம்பு வைத்தது: துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக் கோழிக்கு 10 சதவீதம். உச்ச அளவுக்கு ஏற்றியிருந்தால் 2 கிலோ பையில் கால் கிலோவுக்கு மேல் உப்புநீர்தான். பையின் பின்புறம் சிறிய எழுத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். ஒருமுறை உங்கள் வழக்கமான பையை வடிகட்டியில் வைத்து, பனி முழுக்க உருகியதும் எடை போட்டுப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த பிறகுதான், சில வாரம் ஸ்பெஷலில் வரும் முழுக் கோழி துண்டுப் பையை விட மலிவாக விழுகிறது என்று தெரிந்தது. நாமே வெட்டிக்கொண்டால் கழுத்தும் முதுகெலும்பும் ரசத்துக்கு ஆகும். உப்புநீர் ஏறிய கறிக்குக் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடவும் மறக்காதீர்கள். வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் இது முக்கியம்.

காய்கறியில் வேறு விதமான தவறு. புதிதாக வருபவர்கள் வசதி கருதி எல்லாக் காயையும் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் சுற்றியதாக வாங்குகிறார்கள். சாட்ஸ்வொர்த் வெஸ்ட்கிளிஃபில் வெள்ளி, சனிகளில் கூடும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கத்தரி, வெண்டை, சுரை, முருங்கை, கொத்தமல்லி, இங்கே ‘ஹெர்ப்ஸ்’ என்று சொல்லும் முளைக்கீரை, பருவத்தில் பச்சைக் கத்ரா பீன்ஸ், ‘மடும்பி’ என்ற சேப்பங்கிழங்கு எல்லாம் கிடைக்கும். நகரத்துக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு வார்விக் சந்திப்பில் உள்ள ஏர்லி மார்னிங் மார்க்கெட் வசதி. 1934-இல் திறந்த சந்தை அது. 2009-இல் அதை இடித்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டமிட்டது. வியாபாரிகள் விடாமல் போராடி அதைக் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்து தோட்டம் வைத்துப் பிழைத்த ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கடை போடுகிறார்கள். மலிவு என்பதற்காக மட்டும் நான் அங்கே போகவில்லை.

ஆனால் சந்தையிலும் காசு ஒழுகும். பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு இரண்டு டாக்ஸி மாறிப் போகிற தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு கட்டுக் கீரைக்காகவும் ஒரு கிலோ தக்காளிக்காகவும் போனால், மிச்சம் பிடித்தது மினிபஸ் டாக்ஸி கட்டணத்துக்கே சரி. கிலோமீட்டரையும் காயோடு சேர்த்து எடை போட வேண்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் 10 கிலோ பையாக வாங்கினால் மலிவு. இங்கே அந்தப் பையை ‘பாக்கெட்’ என்பார்கள். புதிதாக வந்தவர்கள் அதைச் சின்னப் பொட்டலம் என்று நினைத்து விலையைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். இரண்டையும் ஒரே கூடையில் கொட்டி வைத்தால் உருளை சீக்கிரம் முளைவிடும். வெளிச்சம் பட்டால் பச்சைக் கட்டும். அந்தப் பகுதியைச் சாப்பிடக் கூடாது. இருட்டான, காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாக வையுங்கள். அந்த வசதி இல்லாத ஃபிளாட் என்றால் 10 கிலோ உங்களுக்கு மலிவே கிடையாது. பக்கத்து வீட்டோடு பாதி பாதி.

கிளேர்வுட்டில் உள்ள மொத்த விலைச் சந்தை பற்றியும் கேட்கிறார்கள். அங்கே விவசாயியின் சரக்கை ஏஜென்ட்கள் கமிஷனுக்கு விற்கிறார்கள். வரத்தைப் பொறுத்து விலை தினமும் ஏறி இறங்கும். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து பெட்டிக் கணக்கில் எடுத்தால் மட்டுமே அங்கே போவதில் அர்த்தம் உண்டு.

அரிசியில் பிராண்டுப் பிடிவாதம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் நெல் விளைச்சல் இல்லை என்றே சொல்லலாம். தாய்லாந்தும் இந்தியாவும்தான் பெரும்பாலும் அனுப்புகின்றன. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. 2024-இல் இரண்டையும் விலக்கிக்கொண்டது. அந்த ஒரு வருடமும் பொன்னிதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கியவர்களின் பில்லை நான் பார்த்திருக்கிறேன். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் நீள அரிசி பெரும்பாலும் புழுங்கல்தான். ஊறவைத்து, தண்ணீர் அளவைச் சற்றுக் கூட்டினால் குழம்புக்கும் ரசத்துக்கும் குறைவில்லை. பொன்னியை விரத நாளுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாட் வரி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. 2018 ஏப்ரலிலிருந்து வரி 15 சதவீதம். அரிசி, மீலி மீல், பிரவுன் ரொட்டி, உலர்ந்த பருப்பு, பயறு, பீன்ஸ், முட்டை, பால், மாஸ் எனும் புளித்த பால், சமையல் எண்ணெய், பழம், காய்கறி, பில்சர்ட் டின் மீன் ஆகியவற்றுக்கு வரி கிடையாது. 2019 ஏப்ரலில் கோதுமை மாவும் சேர்ந்தது. அலமாரியில் எழுதியிருக்கும் விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருப்பதால் நீங்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் பட்டியலை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். வெள்ளை ரொட்டிக்கு வரி உண்டு, பிரவுனுக்கு இல்லை. வேகவைத்து டின்னில் அடைத்த சாஸ் பீன்ஸுக்கு உண்டு, உலர்ந்த பீன்ஸுக்கு இல்லை. இரவு ஊறவைத்துக் குக்கரில் வைக்கச் சோம்பல்படுவதற்கு நாம் வரியும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கல்லாவில் பில் போடும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருமுறை ஒரு கடையில் அலமாரியில் ஸ்பெஷல் விலை ஒட்டியிருந்த எண்ணெய்க்குப் பழைய விலையே ஓடியது. அலமாரியைப் படம் எடுத்திருந்ததால் காட்டினேன், குறைத்துக் கொடுத்தார்கள். அது அவர்கள் செய்த சலுகை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிப்படையாகத் தெரியும் பிழையாக இல்லாவிட்டால், எழுதி வைத்த விலைக்கு மேல் கடைக்காரர் கேட்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை எழுதியிருந்தால் குறைந்ததே செல்லும். அது நம் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது அந்தக் கடையின் வாடிக்கையாளர் கார்டு வைத்திருப்பவர்களுக்கான விலையா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த கார்டுகள் இலவசம், போன் எண் போதும். வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

பதுக்கி வைப்பதைப் பற்றிப் பேச எனக்கே மனம் கனக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்காக வரிசையில் நின்றோம். அடுத்த ஏப்ரலில் வெள்ளம். அதன் பிறகு யாரும் வீட்டில் ஃப்ரீசரைக் காலியாக விடவில்லை, நானும் விடவில்லை. 2023-இல் மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனபோது (நிலை ஏற ஏற வெட்டும் கூடும்), ஒரு வார இறுதியில் 10 கிலோ கோழியும் மீனும் நாறிப்போய் வெளியே கொட்டினேன். பிள்ளைகளுக்கு முன்னால் அழுதுவிட்டேன். 2024 மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு பெருமளவு ஓய்ந்தாலும், அதன் பிறகு இரண்டு வாரக் கறிக்கு மேல் நான் வைப்பதில்லை. பயத்துக்காகச் சேர்ப்பதென்றால் மின்சாரம் தேவைப்படாததைச் சேருங்கள்: பருப்பு, அரிசி, டின் மீன், பால்மாவு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பொருளாதார நீதிக்காகவும் கண்ணியத்துக்காகவும் இயங்கும் குழு ஒன்று மாதந்தோறும் டர்பன் உட்பட பல ஊர்களில் 44 உணவுப் பொருள்களின் விலையைச் சேகரித்து வெளியிடுகிறது. அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: பணம் குறைவான வீடுகளில் பெண்கள் முதலில் மாவு, அரிசி, எண்ணெய், சர்க்கரை வாங்குகிறார்கள், மிச்சம் இருந்தால்தான் காயும் முட்டையும். பசி அடங்க வேண்டுமே, வேறு வழி என்ன? ஆனால் ஓரளவு வருமானம் உள்ள வீடுகளிலும் இதே வரிசையைப் பார்க்கிறேன். ட்ராலியில் முதலில் மூட்டைகளும் பிஸ்கட்டும் நிரம்பி, கடைசியில் கீரைக்குக் காசு இருக்காது. பருப்பு, முட்டை, கீரைக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கடனட்டையில் சாப்பாட்டுச் சாமான் வாங்குவதையும், மஷோனிசா எனும் வட்டிக்காரரிடம் போவதையும் எப்பாடு பட்டாவது தவிருங்கள்; சாப்பிட்டு முடித்த சோற்றுக்கு ஆறு மாதம் வட்டி கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

புரட்டாசி வந்தால் சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடு ஒரு மாதம் கறி தொடாது. சந்தையில் காய்க்குக் கூட்டம் நெரியும். பருப்பு, பயறு வகைகளை ஆகஸ்டிலேயே வாங்கி, ஈரம் புகாத டப்பாவில் காய்ந்த மிளகாய் இரண்டு போட்டு வைக்கிறேன். கீரைக்கு நான் காசே கொடுப்பதில்லை. அத்தை வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் கொல்லையில் இருக்கின்றன; டர்பன் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் தானாக வளரும். ஒரு முழ மண் இருந்தால் உங்கள் தெருவில் யாரிடமாவது முருங்கைப் போத்து கேளுங்கள், இல்லையென்று சொல்ல மாட்டார்கள். மழை பிடிக்கும் அக்டோபரில் நட்டுவிடுங்கள்.