ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பத்திரமாக எடுத்து வாருங்கள்

அமெரிக்காவின் மேரிலாந்துக்குக் குடிவரும் நம் ஆட்கள் முதல் மாதம் கேட்பதெல்லாம் எந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு எடுப்பது, கோயில் எவ்வளவு தூரம், நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பதுதான். இதற்கெல்லாம் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண் இருந்து, அவளுக்குக் கல்லூரி அணியில் விளையாடும் ஆசை கொஞ்சமாவது இருந்தால், விமானம் ஏறும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு அப்போது இதைச் சொல்ல ஆள் இல்லை. என் மகள் அதற்குக் கொடுத்த விலை பெரியது.

என் ஊர் கோவில்பட்டி. ஹாக்கி மட்டையைத் தொடாமல் அங்கே ஒரு பையன் வளர முடியாது. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்காவிட்டால் மாஸ்டர் வீட்டுக்கே ஆள் அனுப்புவார். மகள் சென்னையில் வளர்ந்தவள்தான், ஆனாலும் லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போனால் பரணில் கிடக்கும் என் பழைய மட்டையோடு தெருவில் இறங்கிவிடுவாள். கொரோனா ஓய்ந்த கையோடு நாங்கள் பால்டிமோர் பக்கம் குடிவந்தோம். இரண்டாவது வாரமே பக்கத்துப் பூங்காவில் பெண் பிள்ளைகள் நுனியில் வலைப்பை கட்டிய நீளக் கம்போடு ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். பந்தைத் தரையில் உருட்டுவதே இல்லை, வலையில் ஏந்தியபடி ஓடிக்கொண்டே வீசுகிறார்கள். "அப்பா, இது ஹாக்கி மாதிரியே இருக்கு, ஆனா வானத்துல ஆடுறாங்க" என்றாள்.

அதுதான் லக்ராஸ். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹௌடனோசானி மக்கள் போன்றவர்கள் பல தலைமுறையாக ஆடிவந்த ஆட்டம். பெண்கள் ஆடுவது ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் 1890-ல் தொடங்கியது. அங்கிருந்து பால்டிமோரின் பிரின் மார் பள்ளிக்கு 1926-ல் வந்தது. மேரிலாந்து அரசே 2004-ல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ குழு விளையாட்டாக அறிவித்திருக்கிறது. கோவில்பட்டிக்கு ஹாக்கி எப்படியோ, இந்த ஊருக்கு இது அப்படி. பெண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி. உடம்பால் மோதக் கூடாது. தலைக்கவசம் கோல் காப்பவருக்கு மட்டும்தான் கட்டாயம், மற்றவர்கள் கண்ணுக்கும் பல்லுக்கும் காப்புப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள்.

காலேஜ் பார்க் நகரில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் தேசியப் பட்டம் பதினான்கு முறை, அதில் 1995 முதல் 2001 வரை ஏழு வருடம் தொடர்ச்சியாக. வடமேற்கே சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் அணியை ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்பிப் பட்டங்களாகக் குவித்த கோச் கெல்லி அமோன்டே ஹில்லரும் மேரிலாந்தில் ஆடியவர்தான். கல்லூரி அணிகளை இங்கே மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் டிவிஷன்தான் உச்சம். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் டிவிஷன், லக்ராஸில் மட்டும் முதல் டிவிஷன். பிப்ரவரிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு, பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு இத்தனை பேர் திரண்டிருப்பதை முதல் முறை பார்த்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். அவள் பள்ளியில் கபடி ஆடியவள். பத்தாவது வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாவட்ட அளவு, மாநில அளவு என்று சான்றிதழ் சேர்ப்போம், அட்டெஸ்ட் வாங்கி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போடுவோம், சீட் கிடைத்ததும் பாதிப் பேர் மட்டையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இங்கே சான்றிதழை யாரும் கேட்பதில்லை. கோச் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பள்ளி அணி போதாது, தனியார் கிளப்பில் சேர்ந்து கோடை முழுக்க ஊர் ஊராகப் போட்டிக்குப் போக வேண்டும். ஒரு கோடையில் ஹோட்டல், பெட்ரோல், கட்டணம் என்று நாங்கள் செலவழித்தது சென்னையில் ஒரு வருடப் பள்ளிக் கட்டணத்தைத் தாண்டியது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் படிப்பை விடவும் முடியாது. ஆட்டக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாள் ஓய்வு தர வேண்டும், முழுநேர மாணவியாகப் பாடங்களும் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் வர வேண்டும்.

அலுவல் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம் என்சிஏஏ. அதன் தகுதி மையத்தில் மகள் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். முதல் டிவிஷனுக்கு அவர்கள் ஏற்கும் பதினாறு கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்), அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 சராசரி. எஸ்ஏடி நுழைவுத் தேர்வை இப்போது அவர்கள் கேட்பதில்லை, கல்லூரி கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன் கோச்கள் பேச மாட்டார்கள், அது அவர்களுக்கு விதி. அரிவாள் செல் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே எடுத்திருப்பார்கள், நம் பிள்ளைகளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்டு, யேல் போன்றவை சேர்ந்த ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கோச் வாயால் சொன்னது உறுதியில்லை, கையெழுத்தான உதவித்தொகைக் கடிதம்தான் உறுதி. இவற்றை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யாரும் சொல்லாதது இனிமேல்தான்.

மகள் சென்னையில் ஒன்பதாவது முடித்துவிட்டு வந்தாள். எட்டாவது முழுக்கவும் ஒன்பதாவது பாதியும் போன் திரையில் படித்தவள். இங்கே பள்ளியில் சேர்க்கப் போனபோது, மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அன்பாகத்தான் பேசினார். வயதுக்கு அவள் ஒன்பதாவதில் உட்காரலாம், பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும், நான்கு வருட மதிப்பெண்ணும் இந்தப் பள்ளியிலேயே இருக்கும், கல்லூரிகளுக்கு அது பிடிக்கும் என்றார். என் மனைவி, "ஏங்க, ஒரு வருஷம் போனா என்ன, புள்ள நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். எனக்கும் சரியாகப் பட்டது. நம் ஆட்கள் நிறையப் பேர் இதையே செய்கிறார்கள். படிப்புக்கு மட்டும் என்றால் இதில் தவறும் இல்லை.

முதல் டிவிஷன் விளையாட்டுக்கு இது குழி. பிள்ளை வாழ்க்கையில் முதல் முறை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்த நாளிலிருந்து என்சிஏஏ கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அது எந்த நாடு, எந்தப் பாடத்திட்டம் என்று அந்தக் கடிகாரம் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து எட்டு செமஸ்டர், அதாவது நான்கு வருடம். அதற்குள் முடித்த பாடங்கள்தான் பதினாறில் சேரும். ஒன்பதாவதை இரண்டாம் முறை படித்தால் கடிகாரம் பின்னால் திரும்பாது. என் மகளுக்கு அது சென்னையில், ஆன்லைன் வகுப்பில் தொடங்கி, இங்கே பதினொன்றாவது முடிந்ததோடு நின்றுவிட்டது. பன்னிரண்டாவதில் அவள் விழுந்து விழுந்து படித்த எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. குறித்த காலத்தில் பள்ளியை முடித்தவர்கள் பிறகு ஒரு பாடம் மட்டும் சேர்த்துக்கொள்ள ஒரு சலுகை உண்டு. ஒரு வருடம் பின்தங்கியதால் அதுவும் எங்களுக்கு இல்லை.

இன்னொரு விதியும் இதோடு சேர்ந்து இறுக்கும். ஏழாவது செமஸ்டர் தொடங்கும் முன் பத்து கோர் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அதில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு ஏழாவது செமஸ்டர் என்றால் பன்னிரண்டாவது. நம் பிள்ளைக்கு அது பதினொன்றாவதின் தொடக்கம். அதை அவள் தாண்டிவிட்டாள், பதினாறில்தான் மாட்டினாள்.

எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். பதினொன்றாவதில் ஒரு பல்கலைக்கழகக் கோச் அவளை நான்கு போட்டிகளில் பார்த்துவிட்டு அழைத்தார். டிரா எடுப்பதில் இவளைப் போல் மணிக்கட்டு யாருக்கும் இல்லை என்றார். ஆட்டம் தொடங்கும்போது இருவர் கம்பைச் சேர்த்துவைத்துப் பந்தை மேலே சுழற்றுவார்களே, அதுதான் டிரா. அந்த மணிக்கட்டு கோவில்பட்டியிலிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு பெருமை. பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை பேசினார். பன்னிரண்டாவது நவம்பரில் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபரில் அங்கே விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, உங்கள் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் சென்னைப் பள்ளியின் பெயர் இருக்கிறதே, தகுதி மையக் கணக்கில் அது ஏன் இல்லை என்று கேட்டார். இங்கே ஒன்பதாவதைத் திரும்பப் படித்ததால் பழைய ஒன்பதாவது எதற்கு என்று நாங்கள் அதை எழுதவே இல்லை. எதையோ மறைத்தவர்கள் போல் அன்று பதில் சொல்ல வேண்டிவந்தது. அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அலைந்தோம். நம் ஊரில் பத்தாவது போர்டு மார்க் ஷீட்டை லாமினேட் செய்து பீரோவில் வைப்போம், ஒன்பதாவது முன்னேற்ற அறிக்கையைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவோம். என் சித்தப்பா மகன் மூன்று நாள் லீவு போட்டு, பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பினான். எல்லாவற்றையும் கூட்டினார்கள். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் இரண்டு ஒன்பதாவதிலும் படித்திருந்ததால் ஒரு முறைக்குத்தான் கணக்கு. சென்னையில் படித்த தமிழ் ஒரு பாடமாக ஏறியது. அந்த ஒரு வரியைப் பார்த்தபோது மட்டும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. மொத்தம் பதினான்கு வந்தது. பன்னிரண்டாவதுக்கென்று தள்ளிவைத்த ஆங்கிலமும் இயற்பியலும் வெளியே நின்றன.

தகுதி பெறாதவர் முதல் வருடம் முதல் டிவிஷனில் ஆட முடியாது, பயிற்சிக்கும் போக முடியாது, விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது. விலக்குக் கேட்கக் கல்லூரிதான் மனுப் போட வேண்டும். கல்லூரி வீரர்கள் என்சிஏஏமேல் போட்ட வழக்கில் நீதிமன்றம் 2025 ஜூனில் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் பெண்கள் லக்ராஸ் அணிக்கு 38 பேர்தான் உச்சவரம்பு. ஆட முடியாத ஒருத்திக்கு ஒரு இடத்தை ஒதுக்கிவைக்க முடியவில்லை என்று கோச் வருத்தத்தோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த விதியை எழுதி ஒரு சின்னத் தாளை முதல் நாளே கையில் கொடுக்காத பள்ளிமேல் இருக்கிறது.

ஆகவே, ஊரில் ஒன்பதாவது முடித்திருந்தால் பத்தாவதில் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். வயதைக் காட்டி ஒன்பதாவதில்தான் போடுவோம் என்றால், அன்றே கவுன்சிலரிடம் உட்கார்ந்து, பதினாறு பாடத்தையும் இங்கத்திய பதினொன்றாவதுக்குள் முடிக்கும்படி அட்டவணை போடச் சொல்லுங்கள். கோடை வகுப்பு எடுத்தாவது முடிக்கலாம், ஆனால் அந்தப் பாடம் உங்கள் பள்ளிக்கு என்சிஏஏ ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று எடுக்கும் முன்பே பாருங்கள். புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு பெரும்பாலும் அதில் இருக்காது. எட்டாவதிலேயே கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டாம் டிவிஷனிலும் இந்த நான்கு வருடக் கணக்கு கிடையாது, கல்லூரியில் முழுநேரமாகச் சேர்வதற்குள் பதினாறு முடிந்தால் போதும். இது எங்களுக்குத் தெரியவந்தபோது அங்கே இடங்கள் நிரம்பிவிட்டன.

விளம்பரத்தில் வந்தால் வீராங்கனைகளுக்குப் பணம் தரும் வழக்கமும் இப்போது உண்டு. ஹெச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பம்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வக்கீலைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்க வேண்டாம். கூட ஆடும் பிள்ளைகள் வாங்குகிறார்களே என்று தோன்றும், அவர்கள் நிலை வேறு.

மகள் வரும் ஆகஸ்டில் ஒரு மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் சேர்கிறாள். அங்கே சேர்க்கை கல்லூரியின் சொந்த முடிவு, அந்தப் பதினாறு கணக்கு இல்லை. படிப்புக்கான உதவித்தொகை கொஞ்சம் கிடைத்திருக்கிறது, மீதிக்குக் கடன். கோச்சிடம் முதல் நாளே, "நான் டிரா எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீட்டுப் பின்னால் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்கிறது. அடுத்த மாதம் மதுரையிலிருந்து என் நண்பன் குடும்பத்தோடு வருகிறான், பையன் ஒன்பதாவது முடித்திருக்கிறான். டிக்கெட் போட்டாயா என்று கேட்கவில்லை. மார்க் ஷீட் வாங்கிவிட்டாயா என்றுதான் கேட்டேன்.