குதிரைக்குட்டிக்குத் தீவனம்: கால் கோணாமல் வளர

குட்டியின் கால் லேசாகக் கோணினால் 'சத்துப் பத்தலை' என்று தவிட்டையும் கொள்ளையும் கூட்டிப்போடுவது வழக்கம். பல நேரம் கோளாறே அங்கேதான் இருக்கிறது. ஆறு மாதக் குட்டி, வளர்ந்த குதிரையின் எடையில் பாதியைக்கூட எட்டியிருக்காது. உயரத்திலோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வந்திருக்கும். எலும்பு நீள்வது பெரும்பாலும் முதல் வருடத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் மாவுச்சத்து மிகுந்து தாதுச்சத்து குறைந்தால் உடம்பு கனத்துக்கொண்டே போகும், மூட்டுக் குருத்தெலும்பு எலும்பாக இறுகுவது மட்டும் பின்தங்கும்.

முதலில் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியத்தின் கணக்கு. மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 1.5 முதல் 2 பங்கு இருக்க வேண்டும். ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 11 கிராம் இருக்கும், கால்சியம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. இந்தக் குறையை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பும். முகம் வீங்கும், நொண்டும். நம் ஊரில் இதோடு இன்னொரு சிக்கல், கம்பு நேப்பியர் புல். அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். மாடு அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. கொழுக்கட்டைப்புல், கினியாப் புல்லும் அப்படித்தான். தவிடும் நேப்பியரும் மட்டுமே போட்டு வளர்த்த குட்டிக்கு நல்ல கால் அமைவது அபூர்வம். குதிரை மசால் (லூசர்ன் தீவனப்பயிர்), அருகம்புல், காய்ந்த ரோட்ஸ் புல் இவற்றை அடிப்படையாக வையுங்கள்.

வேலை சினையிலேயே தொடங்குகிறது. தாய்ப்பாலில் தாமிரம் மிகக் குறைவு. குட்டி கருவிலிருக்கும்போதே ஈரலில் சேர்த்துவைத்த தாமிரத்தைக் கொண்டுதான் முதல் மாதங்களை ஓட்டுகிறது. அதனால் சினையின் கடைசி மூன்று மாதம் தாய்க்குக் குதிரைக்கான தாது உப்புக் கலவை தவறக்கூடாது. துத்தநாகம் தாமிரத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும் கலவையாகப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பின் பால் குறையத் தொடங்கும். தாய் புக முடியாத தடுப்புக்குள் குட்டிக்குத் தனித் தீவனம் வையுங்கள். கைப்பிடியில் ஆரம்பித்து, 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மெல்ல ஏற்றலாம். பால் மறக்கும் முன்பே குட்டி இதற்குப் பழகியிருக்க வேண்டும். பால் மறந்தபின் இளைத்துப்போகவிட்டு, பிறகு தேற்றுவதற்காக அள்ளிக்கொட்டுவது மூட்டுக்கு மிகவும் ஆபத்து.

வளர்ந்தால் 400 கிலோ வரக்கூடிய மார்வாரி இனத்தில், 170 கிலோ எடையுள்ள ஆறு மாதக் குட்டிக்கு ஒரு நாள் அளவு இது: உலர்ந்த குதிரை மசால் 1.2 கிலோ, உடைத்த ஓட்ஸ் 1 கிலோ, சோயாப் புண்ணாக்கு 250 கிராம், வேகவைத்த கொள்ளு 200 கிராம் (வேகும் முன் எடை), தவிடு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். டைகால்சியம் பாஸ்பேட் 20 கிராம், கால்சியம் கார்பனேட் 10 கிராம், தாதுக் கலவை பொட்டலத்தில் சொன்ன அளவு. காய்ந்த புல் தின்கிற அளவுக்கு, பக்கத்தில் உப்புக்கட்டி, எப்போதும் தண்ணீர். தானியக் கலவையை மூன்று வேளையாகப் பிரியுங்கள். தவிட்டை அதிகம் போட்டுவிட்டு டைகால்சியம் பாஸ்பேட்டால் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம், அதிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. அங்கே கார்பனேட்தான் உதவும். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, அது வாயைப் புண்ணாக்கிவிடும்.

எடைத் தராசு இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றிய அளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தாலும் பெருக்கி, எல்லாம் சென்டிமீட்டரில், 10,100-ஆல் வகுத்தால் கிலோ வரும். ஒரு வயதுக் குட்டிக்கு 10,900. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிவையுங்கள். ஏற்றம் சீராக இருக்க வேண்டும், திடீர்த் தாவல் கூடாது. விலா கண்ணுக்குத் தெரியாமல், கைவைத்தால் சட்டென்று தட்டுப்பட்டால் உடம்பு சரி. கொழுகொழுவென்று இருந்தால் சந்தையில் விலை கூடலாம், காலுக்குச் சுமை.

குளம்புக்கு மேலுள்ள மூட்டு உடுக்கை வடிவில் புடைப்பது, முன்னங்கால் முட்டிக்கு மேலே தடிப்பது, குளம்பு செங்குத்தாக நிமிர்ந்து குதிகால் தரையைத் தொடாமல் போவது, மூட்டில் நீர் கோப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் தானியத்தை அன்றே பாதி அளவுக்கும் கீழே குறையுங்கள். புல்லையும் தாதுவையும் நிறுத்தக்கூடாது. பட்டினி போட்டால் எலும்பு இன்னும் மெலியும். ஓட்டத்தை அடக்கி, கயிற்றில் வட்டமாக ஓட்டுவதை அறவே விட்டுவிட்டு, கால்நடை மருத்துவரிடமும் லாடம் அடிப்பவரிடமும் உடனே காட்டுங்கள். குளம்பு நிமிர்வது சில நாளிலேயே முற்றும்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதென்று கலக்காதீர்கள். அவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து சிறிதளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.