மழையிலும் பனியிலும் வீட்டுக்குள் தேள் வராமல் காப்பது எப்படி?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் மண் வளைகளிலும் கற்களின் அடியிலும் நீர் புகுந்துவிட, அங்கு வாழ்ந்த தேள்கள் உலர்ந்த இடம் தேடி மேட்டுக்கு வருகின்றன. தொடர்ந்து மார்கழி, தை மாதப் பனியில் அவை வெதுவெதுப்பான இடுக்குகளில் ஒண்டிக்கொள்கின்றன. தேளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தையே சார்ந்திருப்பதால், குளிரில் அதன் நடமாட்டம் குறையும். கண்ணில் படவில்லை என்பதால் வீட்டில் தேள் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விறகு அடுக்கிலோ மடித்து வைத்த போர்வையிலோ அசையாமல் கிடக்கும் தேளின் மீது நம் கையே போய்ப் படுகிறது என்பதுதான் இந்தப் பருவத்தின் ஆபத்து.

நம் ஊர்களில் பெரும்பாலும் காணப்படுபவை கருந்தேளும் செந்தேளும். கருந்தேள் உருவத்தில் பெரியது. முன்கைகளும் இடுக்கிகளும் தடித்திருக்கும். கொட்டினால் கடுமையாக வலித்தாலும் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. செந்தேளோ ஒரு விரல் நீளமே இருக்கும். அதன் இடுக்கிகள் மெலிந்தும் வால் தடித்தும் காணப்படும். அதன் நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடியது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. ஆகவே, சிறியதுதானே என்று செந்தேளை அலட்சியப்படுத்தவே கூடாது.

தடுப்பு வேலையை வீட்டுக்கு வெளியே தொடங்குவது நல்லது. சுவரை ஒட்டி அடுக்கிய செங்கல், ஜல்லிக் குவியல், தென்னை மட்டை, உடைந்த ஓடு, வரட்டி ஆகியவை தேளுக்கு ஏற்ற மறைவிடங்கள். அவற்றை வீட்டிலிருந்து பல அடி தள்ளி, தரையில் படாமல் மேடையின் மீது அடுக்க வேண்டும். விறகை உள்ளே கொண்டுவரும் முன் ஒவ்வொரு கட்டையையும் தரையில் தட்டிப் பார்ப்பதும், அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவருவதும் அவசியம். இதைச் செய்யும்போது கனமான கையுறை அணிந்துகொள்ளுங்கள். சுவரைத் தொடும் செடி கொடிகளையும் மரக்கிளைகளையும் வெட்டி விலக்குங்கள்.

அடுத்து, அதிக நேரம் செலவிட வேண்டிய வேலை இடுக்குகளை அடைப்பது. தேளின் உடல் தட்டையானது; சில மில்லிமீட்டர் சந்து இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும். இரவில் வீட்டுக்குள் விளக்கை எரியவிட்டு, வெளியே நின்று கதவின் அடியையும் வாசற்காலின் ஓரங்களையும் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் தேளுக்கும் வழி உண்டு. கதவின் அடியில் தரையை உரசும்படி ரப்பர் பட்டை பொருத்தலாம். வாசற்காலுக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலைச் சிமெண்ட் கலவையால் பூசலாம். தண்ணீர்க் குழாயும் ஏசி குழாயும் சுவரைத் துளைத்து வரும் இடங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றை எம்-சீல் என்ற, பிசைந்து பூசினால் இறுகிவிடும் பசை கொண்டு அடைக்க வேண்டும். குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பின் மூடி உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வென்டிலேட்டருக்கு நெருக்கமான கம்பி வலை அடிக்கலாம். ஓட்டு வீட்டில் எல்லாச் சந்துகளையும் அடைப்பது இயலாது என்பதால், அங்கே படுக்கைக்கு மேல் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொள்வதே பயன் தரும்.

வேலை பலித்ததா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் தேளின் மேலோடு பசும் நீல நிறத்தில் ஒளிரும். ரூபாய் நோட்டைச் சோதிக்கப் பயன்படும் வகை யூவி டார்ச் இதற்குப் போதும். இருட்டிய பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, கால்களை மூடும் காலணியுடன் சுற்றுச்சுவர், விறகு அடுக்கு, துணி துவைக்கும் கல்லின் அடி ஆகியவற்றின் மீது ஒளியைப் பாய்ச்சினால், பகலில் மண்ணோடு மண்ணாகத் தெரிந்த தேள் பளிச்சென்று தனித்துத் தெரியும். புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் மேலோடு இறுகும் வரை சரியாக ஒளிராது. கண்டதை நீளமான இடுக்கியால் பிடித்து, வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். வழுவழுப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. கட்டில் கால்களைக் கண்ணாடிக் கிண்ணங்களில் நிறுத்துவதும் இதே காரணத்தால் பயன் தரும். ஆனால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மழைக்காலத்தில் அது டெங்கு கொசு வளர இடமாகிவிடும்.

வீட்டுக்குள் சில பழக்கங்கள் வேண்டும். செருப்பையும் ஷூவையும் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். சுருட்டி வைத்த பாயையும் போர்வையையும் விரித்து உதறிய பிறகே குழந்தைகளைப் படுக்க வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

பூச்சிமருந்தை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. இடுக்கின் ஆழத்தில் இருக்கும் தேள் மீது மருந்து படுவதே இல்லை. உணவின்றிப் பல மாதங்கள் வாழக்கூடிய அதைப் பட்டினி போட்டு விரட்டவும் எளிதில் முடியாது. ஆயினும் தேள் உண்ணும் கரப்பானையும் சுவர்க்கோழியையும் குறைத்தால், அது வீட்டை நாடிவரும் காரணங்களில் ஒன்று நீங்கும். அதற்குச் சமையலறைத் தூய்மையே முதல் மருந்து. மண்ணெண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

இத்தனைக்குப் பிறகும் கொட்டிவிட்டால், கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கொட்டிய இடத்தைச் சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். குழந்தைக்குக் கொட்டியிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; பெரியவர்களுக்கு வாந்தி, மிகுந்த வியர்வை, கை கால் சில்லிடுதல், மூச்சுத்திணறல் இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியவர்களுக்குப் பிரசோசின் என்ற மாத்திரை உயிர்காக்கும் என்பதை 1980களில் எடுத்துக்காட்டினார். அந்த மருந்தைக் காலத்தோடு கொடுப்பதே முக்கியம் என்பதால், கொட்டிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.