ஓசிடி: அன்பாகச் செய்யும் தவறுகள்

இரவு பதினொரு மணி. "கேஸை மூடியாச்சா?" என்று மனைவி கேட்கிறார். "மூடியாச்சு, தூங்கு" என்கிறார் கணவர். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. கடைசியில் அவரே எழுந்து போய் ரெகுலேட்டரைப் போட்டோ எடுத்து வந்து காட்டுகிறார். "இது இன்னைக்கு எடுத்ததுதானா?" என்கிறார் மனைவி.

ஓசிடி (OCD) என்பது வேண்டாத எண்ணமோ சந்தேகமோ திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநலக் கோளாறு. அது உள்ள வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இப்படிப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். பதில் கிடைத்ததும் பதற்றம் சற்று இறங்கும். ஆனால் உறுதிமொழி கிடைத்தால்தான் நிம்மதி என்று மூளை பழகிவிடுவதால், அடுத்த சந்தேகம் இன்னும் வலுவாக வரும். ஓசிடி உள்ளவருக்காகப் பூட்டை இழுத்துப் பார்ப்பது, வெளியிலிருந்து வந்ததும் எல்லோரும் குளிப்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். சிகிச்சையாளரை வைத்துக்கொண்டு முன்கூட்டியே பேசி, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். "இது ஓசிடி கேட்கிற கேள்வி, பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்ல" என்று மென்மையாகச் சொன்னால் போதும்.

கை கழுவுவதும் சரிபார்ப்பதும் மட்டும்தான் ஓசிடி என்று நினைப்பதும் தவறு. சந்நிதியில் நிற்கும்போது சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் வரும். பெற்ற குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்று ஒரு தாய் கத்தியை ஒளித்துவைப்பார். இவை அவர்களுடைய ஆசைகள் அல்ல. விருப்பத்துக்கு நேர்மாறாக வருவதால்தான் இவ்வளவு நடுங்குகிறார்கள். பாவம் என்று பயந்து பரிகாரம் செய்யப் போனால், பல நேரம் அந்தப் பரிகாரமே புதுச் சடங்காகிவிடும், அதாவது நிம்மதிக்காகத் திரும்பத் திரும்பச் செய்தே தீரவேண்டிய செயலாகிவிடும். "அதை நினைக்காதே" என்ற அறிவுரையும் உதவாது. விரட்ட விரட்ட அந்த எண்ணம் கூடத்தான் செய்யும். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவர்கள் இதை நிறையக் கேட்டவர்கள்.

மாத்திரை விஷயத்தில் அவசரம்தான் பிரச்சினை. ஃப்ளுவாக்ஸடின், செர்ட்ராலின் போன்றவை ஓசிடிக்குப் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும் தேவைப்படலாம். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். குணமானதும் தாங்களாகவே நிறுத்துவது அடுத்த தவறு. தூக்க மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டால் தூக்கம் வரும், ஓசிடி போகாது.

கவுன்சலிங்கிலும் எல்லாமே ஒன்றல்ல. ஓசிடிக்கு நன்றாகப் பலன் தரும் முறை இஆர்பி (ERP), அதாவது பயப்படுவதை நேருக்கு நேர் சந்தித்து, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் சிகிச்சை. அதில் அருவருக்கும் கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். பதற்றம் தானாகவே இறங்குவதையோ, அது இருந்தாலும் தாங்க முடிவதையோ நோயாளியே அனுபவத்தில் கண்டுகொள்வார். சுலபமானதில் தொடங்கிப் படிப்படியாகத்தான் போவார்கள். "இஆர்பி செய்வீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய கதையை மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு.

போகும்போது, இந்த எண்ணங்களிலும் சடங்குகளிலும் தினம் எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்பது நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று. வீட்டில் யார் யார் எதற்கெல்லாம் ஒத்துழைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதை நோயாளி தானாகச் சொல்வது அபூர்வம்.